பெரியம்மாவின் வங்கிக் கணக்கை நான் நடத்தினால், பொறுப்பு யார் தலையில்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கு 76 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த பெரியப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் விழுகிறது, கூடவே சில எஃப்.டி.க்கள். முழங்கால் வலியால் வங்கிப் படி ஏற முடியவில்லை. 'உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன், நீயே பார்த்துக்கொள்' என்கிறார். கிளையிலும் 'ஜாயின்ட் போட்டுவிடுங்கள், சுலபம்' என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவின் தம்பி மகன்கள் இரண்டு பேர் அதைக் கேள்விப்பட்டு முணுமுணுக்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்பது: நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் என் சொந்தக் காசிலிருந்து கட்டவேண்டி வருமா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெரியம்மாவின் கடனுக்கு நான் பொறுப்பா? கணக்கை நடத்தும்போது நான் செய்யும் பிழைக்கு யார் பொறுப்பு? அவர் காலத்துக்குப் பிறகு என்னிடம் யார் கணக்குக் கேட்கலாம்? எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. அதில் ஆபத்து குறைவு. குடும்பங்கள் கோர்ட் படி ஏறுவது மூன்றாவதில். நான் தஞ்சை மாவட்டக் கிளைகளில் பல வருடம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வக்கீல் அல்ல. வங்கி நடைமுறையை உறுதியாகச் சொல்வேன், சட்டத்தில் தெளிவாக எழுதியிருப்பதையும் சொல்வேன். எந்தப் பக்கமும் தீர்ப்பு வரக்கூடிய இடங்கள் சில உண்டு, அவற்றை அப்படித்தான் சொல்ல முடியும். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமைப் பகுதி வேறு மாதிரி.

முதலில் கடன். ஒருவருக்காக அவர் சொல்லி நீங்கள் ஒரு காரியம் செய்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருடைய முகவர், அதாவது ஏஜென்ட். சம்பளம் வாங்கவேண்டும் என்பதில்லை, சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு சொல்வது என்னவென்றால், வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, முகவர் தன் எஜமானருக்காக, அதாவது தன்னை அந்தக் காரியத்துக்கு நியமித்தவருக்காகச் செய்த ஒப்பந்தத்துக்குத் தான் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். பெரியம்மாவின் கணக்கிலிருந்து நீங்கள் கரன்ட் பில் கட்டுவதாலோ, ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதாலோ அவருடைய பாக்கிகள் உங்கள் பாக்கிகள் ஆகிவிடாது. இன்னொரு பக்கம், அவர் சொன்னபடி நீங்கள் நியாயமாகச் செய்த காரியத்தால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதை அவர் ஈடுகட்டவேண்டும் என்று 222-ஆவது பிரிவு சொல்கிறது.

'வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர' என்று வருகிறதே, பொறி அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நீட்டப்படும் படிவத்தில் 'செலவுக்கு நான் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும். பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் பெரியம்மாவுக்காக என்று இல்லாமல் உங்களுக்காகவே பொறுப்பேற்றவர் ஆகிறீர்கள். எஃப்.டி. மேல் கடன் வாங்கும்போது ஜாமீன்தாரராகவோ கூட்டுக் கடனாளியாகவோ போடும் கையெழுத்தும் அதே வகைதான். ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம், வங்கி நேராக உங்களிடமே வரலாம். அதனால் எங்கே கையெழுத்துப் போட்டாலும் 'இன்னாருக்காக' என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அந்த ஒரு சொல் பல வழக்குகளில் ஆளைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது, கணக்குக்குள் நீங்கள் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பது. நாலு வழி இருக்கிறது: ஏ.டி.எம். கார்டைக் கையில் வாங்கிக்கொள்வது, மேண்டேட் (கணக்கை இயக்க வங்கியில் எழுதிக் கொடுக்கும் அனுமதி), பவர் பத்திரம், கூட்டுக் கணக்கு. ஊரில் முக்கால்வாசிப் பேர் முதல் வழியில்தான் போகிறார்கள். கார்டும் பின் நம்பரும் பிள்ளை கையில், பெரியவருக்கு பாஸ்புக் மட்டும். வங்கி விதிப்படி கார்டை அதன் உரிமையாளர் தவிர வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது. கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். பெங்களூரில் 2013-இல் ஒரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தபோது கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து அனுப்பினார். இயந்திரத்திலிருந்து ரூ.25,000 வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. பின் நம்பரை மற்றவரிடம் சொன்னதே விதிமீறல் என்று வங்கி கைவிரித்தது, 2018-இல் நுகர்வோர் நீதிமன்றமும் வங்கி பக்கமே தீர்ப்புச் சொன்னது. கணவன் கையில் இருந்த கார்டுக்கே அந்தக் கதி என்றால் தங்கை பிள்ளை கையில் இருக்கும் கார்டு எந்த மூலைக்கு?

ஆன்லைன் மோசடி வந்தால் இதன் கனம் இன்னும் கூடும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் தவறில்லாமல் நடுவில் எங்கோ நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் ரூ.10,000 வரை அவர் தலையில். ஆனால் பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ மற்றவரிடம் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுவதும் வாடிக்கையாளருடையது. இப்போது யோசியுங்கள். வங்கியில் பதிவான பெரியம்மாவின் சிம் உங்கள் போனில் இருக்கிறது, ஏதோ ஒரு லிங்கைத் தட்டி நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். வங்கி பெரியம்மாவைக் கைகாட்டும். பெரியம்மா பெருந்தன்மையாக விட்டுவிடலாம். அவருடைய வாரிசுகள் விடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகவர் கவனமில்லாமல் நடந்ததால் வந்த நஷ்டத்தை அவர் ஈடுசெய்யவேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 212-ஆவது பிரிவு சொல்கிறது. சம்பளம் வாங்காமல் உதவி செய்தவரிடம் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்கலாம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொறுப்பே கிடையாது என்று மட்டும் நினைக்கவேண்டாம். மோசடி என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் பேசிவிடுங்கள்.

கூட்டுக் கணக்குக்கு வருகிறேன். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போய்விட்டால் மற்றவர் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயருக்கு உரியவர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் எடுக்கலாம். இரண்டுமே வங்கியின் வசதிக்காக ஏற்பட்டவை. பணத்தை யாரிடம் கொடுத்தால் தன் கடமை முடிந்தது என்று வங்கிக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பணம் யாருடையது என்பதை அந்த வார்த்தைகள் தீர்மானிப்பதில்லை. பெரியம்மாவின் ஓய்வூதியத்தில் சேர்ந்த பணம், உங்கள் பெயர் பாஸ்புக்கில் ஏறியதால் மட்டும் பாதி உங்களுடையது ஆகிவிடாது.

ஆனால் சிக்கல்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஓடும். வருமான வரிப் பாக்கிக்காக வங்கிக் கணக்கைப் பிடிக்கும்போது, கூட்டுக் கணக்கில் இருவர் பங்கும் சமம் என்றே எடுத்துக்கொள்வார்கள், அப்படி இல்லை என்று நிரூபிக்கும்வரை. 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் இது வெளிப்படையாகவே எழுதியிருந்தது. உங்களுக்கு ஏதாவது வரிப் பாக்கி இருந்தால் பெரியம்மாவின் மருந்துக் காசு முடங்கலாம். அதே போல அந்தக் கணக்கில் ஓவர் டிராஃப்ட் (இருப்பைத் தாண்டி எடுத்த கடன்) இருந்தால் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. நீங்கள் ஒரு பைசா எடுக்காவிட்டாலும் வங்கி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம். பெரியம்மா கொடுத்த செக் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் கையெழுத்துப் போட்டவர்தான் சிக்குவார், கூட்டுக் கணக்கில் பெயர் மட்டும் இருக்கும் மற்றவர் மேல் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அந்தக் கவலையை விடுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் கதை வேறு.

வரி விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. எஃப்.டி.யில் முதல் பெயர் யாருடையதோ அவர் பான் நம்பரில்தான் வட்டி பதிவாகும். புதுப்பிக்கும்போது வசதிக்காக உங்கள் பெயரை முதலில் போட்டுவிட்டால், பெரியம்மாவின் வட்டி உங்கள் வருமானமாக வரித்துறையின் கணக்கில் ஏறி நிற்கும். மூத்த குடிமக்களுக்கு வருடம் ரூ.1 லட்சம் வரை வட்டிக்கு வங்கி வரி பிடிப்பதில்லை என்ற சலுகையும் போய்விடும். இதைச் சரிசெய்ய அலைவது பெரிய தலைவலி.

என்னைக் கேட்டால் உங்கள் நிலைக்கு மேண்டேட் போதும். 'என் கணக்கை என் சார்பில் இன்னார் இயக்கலாம்' என்று பெரியம்மா வங்கியின் படிவத்தில் எழுதிக் கொடுப்பதுதான் அது. உங்கள் கையெழுத்து மாதிரியும் அடையாள ஆவணமும் வாங்கிக்கொள்வார்கள். பணம் எடுக்கலாம், போடலாம். கடன் வாங்குவது, கணக்கை முடிப்பது போன்றவற்றுக்குப் பொதுவாக இடம் தரமாட்டார்கள், அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. பணம் யாருடையது என்பதில் சந்தேகமே வராது. பெரியம்மாவுக்கு மனசு மாறினால் ஒரு கடிதத்தில் ரத்து செய்துவிடலாம். பவர் பத்திரம் இதைவிட விரிவானது. வீடு, நிலம், வாடகை என்று வேறு விஷயங்களும் இருந்தால் அது தேவைப்படும். கணக்கு மட்டும்தான் என்றால் முத்திரைத்தாள் செலவு வீண். ஓய்வூதியக் கணக்கில் கூட்டாக யாரைச் சேர்க்கலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு, மத்திய அரசு ஓய்வூதியத்தில் கணவன் அல்லது மனைவியைத்தான் ஏற்பார்கள். மாநில அரசு ஓய்வூதியம் என்பதால் கருவூலத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கிளையில் சொன்னதை மட்டும் நம்பி ஜாயின்ட் போடாதீர்கள்.

இதெல்லாம் வேண்டுமா என்றுகூட யோசிக்கலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, ஆயுள் சான்று எடுப்பது போன்ற அடிப்படைச் சேவைகளைத் தரும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத நிலை வந்தால் கைநாட்டு வைக்கலாம், கால் விரல் ரேகைகூடச் செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை உறுதிசெய்யவேண்டும், அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்கவேண்டும். கைநாட்டும் முடியாமல் படுக்கையில் இருப்பவருக்கு, ஒரு குறி மட்டும் வைக்கச் செய்து, பணத்தை யார் வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே காட்டும் வழியும் உண்டு. கவுன்ட்டரில் கேட்டால் 'அப்படியெல்லாம் இல்லை' என்பார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம், சுற்றறிக்கையைப் படிக்காதது இன்னொரு காரணம். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், தொனி மாறிவிடும்.

இனி தெளிவில்லாத பகுதி. பெரியம்மாவுக்கு நாளைக்கு ஞாபக மறதி முற்றிப்போய், யார் என்ன என்று தெரியாத நிலை வந்தால்? மேண்டேட், பவர் எல்லாமே முகமை உறவு. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி எஜமானர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ அது முடிந்துவிடுகிறது. சில நாடுகளில் மனநிலை போன பிறகும் செல்லுபடியாகும் பவர் பத்திரம் உண்டு, இந்தியாவில் அதற்குச் சட்டம் இல்லை. அதாவது, உங்கள் உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் உங்கள் அதிகாரம் காலாவதியாகிறது. 1987-ஆம் வருட மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கும் வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருடச் சட்டம் சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுகிறது, சொத்தை விட்டுவிட்டது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கார்டியன் நியமனம் உண்டு, ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறிப்பிட்ட நிலைகளுக்கு மட்டும். முதுமை மறதி அந்தப் பட்டியலில் வராது. அதனால் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகின்றன. கோமாவில் இருந்தவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழிமுறைகள் வகுத்தது. கோமாவில் இருந்த கணவரின் சொத்துக்கு மனைவியைக் கார்டியனாகச் சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் நியமித்தது. மனைவிக்குக் கிடைத்தது தங்கை பிள்ளைக்கும் கிடைக்குமா, கணவர் வீட்டார் எதிர்த்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தந்த நீதிபதி பார்க்கவேண்டியவை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வங்கிக்குத் தெரியாதவரை கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறது என்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. ஆனால் 209-ஆவது பிரிவில் ஒரு ஆறுதல் இருக்கிறது. எஜமானர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ, அவருடைய நலனைக் காப்பாற்றத் தேவையான நடவடிக்கைகளை முகவர் எடுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. மருந்து, ஆஸ்பத்திரி, ஆள் சம்பளம், வீட்டு வரி போன்றவற்றை இதன் நிழலில் வாதாடலாம். எஃப்.டி.யை உடைத்து வேறு பெயரில் போடுவதை வாதாட முடியாது. மறதியின் ஆரம்ப அறிகுறி தெரிந்ததுமே ஒரு டாக்டரிடம் காட்டி, 'இந்தத் தேதியில் தெளிவாக இருக்கிறார்' என்ற சான்றோடு மேண்டேட், நாமினேஷன், உயில் மூன்றையும் முடித்துவிடுவது நல்லது.

பிழைக்குப் பொறுப்பு பற்றிச் சொன்னேன். நேர்மையாக நடப்பவர்களும் மாட்டிக்கொள்வது பணத்தைக் கலப்பதில்தான். பெரியம்மாவின் ஓய்வூதியத்தை உங்கள் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து அவர் செலவுகளைச் செய்வது, அவருடைய ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டு 'அப்புறம் போட்டுவிடலாம்' என்று விடுவது, உங்கள் கார்டில் மருந்து வாங்கிவிட்டு ரவுண்டாக ஒரு தொகையை எடுத்துக்கொள்வது. கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் பின்னாளில் நிரூபிக்க முடியாது. கேட்கும்போது சரியான கணக்கைக் காட்டவேண்டும் என்று 213-ஆவது பிரிவு முகவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு நோட்டு போதும்: தேதி, தொகை, எதற்கு, ரசீது ஒட்டியது. மாதம் ஒருமுறை பெரியம்மாவிடம் படித்துக் காட்டி ஓரத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பெரிய செலவுகளை செக்கிலோ ஆன்லைனிலோ அவர் கணக்கிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள். அவர் பிரியப்பட்டு உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ பணம் கொடுத்தால் வாங்கக்கூடாது என்றில்லை. ஆனால் அவர் உங்களை நம்பி இருக்கும் நிலையில் நீங்கள் வாங்கியதால், வற்புறுத்தி வாங்கவில்லை என்று காட்டவேண்டிய சுமை உங்கள் மேல் விழலாம். அவர் கைப்பட ஒரு வரி, வெளியாள் ஒருவர் முன்னிலையில் எழுதியது, இருந்தால் நல்லது.

கலந்த பணம் கெட்ட எண்ணத்தோடு கலந்தது என்று யாராவது புகார் கொடுத்தால், நம்பிக்கை மோசடி என்ற குற்றப்பிரிவு வருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 405, 406-ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. வெறும் கணக்குக் குழப்பம் குற்றம் ஆகாது, நேர்மையற்ற எண்ணம் வேண்டும். ஆனாலும் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்காரும் அனுபவமே போதுமான தண்டனை.

இப்போது மூன்றாவது கேள்வி. பெரியப்பாவின் தம்பி மகன்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள் என்று நீங்கள் எரிச்சலோடு எழுதியிருந்தீர்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, கணவனும் பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அவருடைய சொந்தத் தங்கையான உங்கள் அம்மாவுக்கு வராது, உங்களுக்கும் வராது. அவர் தானே சம்பாதித்த பணமாக இருந்தாலும் இதுதான் விதி. திருமணமான சில மாதங்களில் விதவையாகி, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த ஒரு பெண்ணின் வங்கிப் பணமும் வைப்பு நிதியும்கூடக் கணவர் குடும்பத்துக்கே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்புச் சொன்னது. படித்தபோது மனசு ஒப்பவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பிறந்த வீட்டுப் பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அது அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். எஃப்.டி.யில் இருப்பது தாத்தாவின் நிலத்தை விற்ற பணம் என்றால் அந்த வாதத்தை வைக்கலாம், ஆனால் உருமாறிவிட்ட சொத்துக்கு விலக்கு நீளுமா என்பது சர்ச்சைக்கு உரியது.

உங்களைக் கூட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டு, உயில் இல்லாமல் பெரியம்மா போய்விட்டார் என்று வையுங்கள். வங்கி பணத்தை உங்களிடம் கொடுத்துவிடும். மறுநாள் தம்பி மகன்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் சட்டம் அவர்கள் பக்கம் சாயவே வாய்ப்பு அதிகம். 'நான் நாமினிதானே' என்பதும் உதவாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகமாட்டார் என்று வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருப்பதும் இந்த நிலையை மாற்றவில்லை. பெரியம்மாவுக்கு உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ கொடுக்கவேண்டும் என்று எண்ணம் இருந்தால் உயில்தான் வழி. வெள்ளைத் தாளில் எழுதலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் இப்படிப்பட்ட குடும்பத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்பேன். எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டாம், சாட்சியாகவும் நிற்கவேண்டாம். அவருக்குத் தம்பி மகன்களுக்கும் கொஞ்சம் கொடுக்க எண்ணம் இருக்கலாம். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அவர் இறந்த நிமிடத்தில் மேண்டேட்டும் பவரும் செத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஏ.டி.எம்.மில் எடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயும் ஸ்டேட்மென்டில் தேதியோடு நிற்கும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, இறந்த அன்று இரவும் மறுநாளும் எடுத்த பணத்தில் தொடங்கியவை. இறுதிச் சடங்குக்குத்தானே எடுத்தேன் என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவும் இறுதிச் சடங்குக்காகவும், சொத்தைக் காப்பதற்காகவும் கைவைப்பதை விலக்காகவே வைத்திருக்கிறது. ஆனால் அது வாரிசுகளோடு வரும் தகராறுக்கு உதவும். வங்கியின் பார்வையில் அப்போது உங்களுக்கு அதிகாரம் இல்லை. சடங்குச் செலவை உங்கள் கையிலிருந்து செய்துவிட்டு, ரசீதோடு பிறகு சொத்திலிருந்து கேட்பது சுத்தமான வழி. அதைத் தாண்டிச் சொத்தில் கைவைத்தால் சிவில் நடைமுறைச் சட்டப்படி நீங்களும் 'சட்டப் பிரதிநிதி' ஆகிவிடுவீர்கள். கடன்காரர்களும் வரித்துறையும் உங்களைத் தேடி வரலாம். அப்போதும் உங்கள் பொறுப்பு, கைக்கு வந்து முறையாகச் செலவாகாத சொத்தின் அளவுக்குத்தான். முதல் கேள்விக்கு ஆபத்து குறைவு என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டதும் கூட்டுக் கணக்கின் ஓவர் டிராஃப்ட்டும் தவிர, பெரியம்மாவின் கடன் அவருடைய சொத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் வராது.

ஓய்வூதியத்தில் தனிக் கவனம் வேண்டும். இறப்புக்குப் பிறகான காலத்துக்குக் கணக்கில் விழும் குடும்ப ஓய்வூதியம் யாருக்கும் சொந்தமில்லை, அரசுக்குத் திரும்பிப் போகவேண்டியது. கருவூலத்துக்கும் கிளைக்கும் இறப்புச் சான்றிதழோடு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் எடுத்துச் செலவு செய்தால், எடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்குவார்கள். வேண்டுமென்றே மறைத்தது என்று பட்டால் மோசடி வழக்கும் வரும்.

கணக்குக் கேட்டு வழக்குப் போடக் காலக்கெடு, முகமை நடக்கும்போது கேட்டு மறுத்திருந்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருடம், கேட்காமலே இருந்தால் முகமை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம். பெரியம்மா போன பிறகு அந்த நோட்டையும் ரசீதுகளையும் குறைந்தது அவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருங்கள். தம்பி மகன்கள் கேட்டால் ஒரு நகல் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்.டி. ரசீதுகளில் இப்போது யார் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, நாமினி யார், பெரியப்பாவின் பெயர் இன்னும் எதிலாவது தங்கியிருக்கிறதா என்பதை எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். பெரியப்பா பெயர் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும், மேண்டேட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.